உன் தலை மறைக்காத முகூர்த்தம்

மாப்ளே,

உன் கேமராப் பையைத் திறந்தால் இன்னும் பச்சரிசி வாசம்தான் அடிக்கிறது. பம்பாய் மழைக்காலத்துக் காற்றைப் பிழிந்தால் குடம் குடமாகத் தண்ணீர் எடுக்கலாம், அந்த ஈரம் லென்ஸுக்குள் போனால் பூஞ்சை பிடித்துவிடும் என்று, உன் வீட்டு மைனியின் பழைய சேலைத் துண்டில் அரிசியை முடிந்து பைக்குள் போடுவாயே, அந்த முடிச்சு அப்படியே கிடக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை அரிசியை மாற்றுவாய். இப்போது நான்தான் மாற்ற வேண்டும். மாற்றவில்லை. நீ போட்ட முடிச்சை அவிழ்க்க இரண்டு யானைகளும் ஒரு ஹைகோர்ட் உத்தரவும் தேவைப்படும் என்று என் வீட்டுக்காரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பையைத் திறந்தது உன்னை நினைத்து உருகுவதற்காக இல்லை. ஒரு லென்ஸ் அதற்குள் அடங்குமா என்று பார்க்கத்தான். லென்ஸ் கையில் இல்லாததால், ஏறக்குறைய அதே பருமனுள்ள மாங்காய் ஊறுகாய் பாட்டிலை உள்ளே வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக அடங்கியது. அடங்காமல் போயிருந்தால் அதையே சாக்காகச் சொல்லித் தப்பித்திருப்பேன். இன்று வியாழன். ஃபோர்ட்டில் நமக்குத் தெரிந்த கடைக்காரன் அந்த லென்ஸை எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறான். வாங்குகிறேனா இல்லையா என்று நாளை சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை உன் மகள் திவ்யாவுக்குக் கல்யாணம். படம் எடுக்கப்போவது நான். நான் மட்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்ளே. இதைப் பத்தால் வகுக்காதே.

வகுக்கிற பழக்கத்தை உண்டாக்கியவன் நீதான். புதிதாக வருகிற பார்ட்டிகளிடம், என் முன்னாலேயே, "இவன் சொல்லுததப் பத்தால வகுங்க. மிச்சம் எதாவது வந்தா அதுதான் நெசம்" என்பாய். நான் அசைந்து கொடுக்க மாட்டேன். தொண்ணூறடிச் சாலை முதல் மாட்டுங்கா லேபர் கேம்ப் வரைக்கும் ஒரே குடைக்கீழ் ஆண்ட புகைப்படச் சக்கரவர்த்தி அல்லவா நான்? என் கேமராவுக்கு முன்னால் கண்ணை மூடாத மாப்பிள்ளை கிடையாது, தும்மாத ஐயர் கிடையாது. நான் படம் எடுத்த கல்யாணங்களை வரிசையாக நிறுத்தினால் முதல் ஜோடி மாஹிமில் நிற்கும், கடைசி ஜோடி திருநெல்வேலி ஜங்ஷனில் நின்று வண்டிக்குக் கை காட்டும். அந்தச் சாம்ராஜ்யத்தில் நீ ஒரு ஆள்தான் பிரஜை. ஒரு ஆள்தான் எதிர்க்கட்சியும்.

நாம் வேலை செய்த விதத்தை இப்போது யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு பேர், நான் தூரம், நீ பக்கம். மண்டபத்தின் கடைசித் தூணில் சாய்ந்துகொண்டு, நீள லென்ஸை வைத்து, கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக மேடை முழுவதையும் பிடிப்பது என் பங்கு. உன்னிடம் இருந்ததோ 'ஐம்பது' என்கிற ஒரே சின்ன லென்ஸ். அதில் திருகிக் கிட்டே இழுக்கிற வசதி கிடையாது. கிட்டே வேண்டுமென்றால் நீதான் கிட்டே போக வேண்டும். நீயோ ஐந்தடிக்கும் கொஞ்சம் கம்மி. அதனால் சமையற்கட்டிலிருந்து ஒரு பால் கிரேட்டை இழுத்து வந்து மணவறைக்குக் கையெட்டும் தூரத்தில் கவிழ்த்துப் போட்டு ஏறி நிற்பாய். கெட்டிமேளம் கேட்டதும் சொந்தபந்தம் மொத்தமும் எழுந்து நின்று அட்சதை எறிகிற சாக்கில் எல்லாவற்றையும் மறைக்குமே, அந்த நேரத்தில் தாலி முடிகிற விரல், பெண்ணின் குனிந்த கழுத்து, ஓரமாக நிற்கிற அம்மாவின் உதடு, எல்லாம் உன் பங்கு.

இதில் எனக்கு ஒரு சாபம் இருந்தது. நீ கிரேட்டின்மேல் ஏறியதும் உன் வழுக்கைத் தலை என் படத்தின் நடுவில் சூரியன் மாதிரி உதயமாகும். எந்த முகூர்த்தத்தைப் பார்த்தாலும் இடது பக்கம் மாப்பிள்ளை, வலது பக்கம் பொண்ணு, நடுவே தேய்த்துக் கவிழ்த்த செம்புப் பானை. போதாததற்கு, மூன்றாவது முடிச்சு விழுந்ததும் அப்படியே திரும்பி நேராக என் கேமராவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவாய். "விழுந்துச்சா?" என்று அதற்கு அர்த்தம். நான் தூணிலிருந்து தலையாட்டினால்தான் இறங்குவாய்.

ஒரு நாள் செம்பூர் மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, பொறுக்கமாட்டாமல் கேட்டேன். என் ஆயுசில் ஒரு முகூர்த்தப் படமாவது உன் தலை இல்லாமல் எனக்குக் கிடைக்குமா என்று. நீ அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னாய்.

"எம் மவ கல்யாணத்துல கெடைக்கும் வே. அன்னைக்கு நான் மேடையில அப்பனா நிப்பேன். கிரேட்டுல யாரு ஏறுவா?"

போன மழையில் நீ போய்விட்டாய். மைனி பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து என் வீட்டுக்காரி பயந்துபோய்த் தெர்மாமீட்டர் தேடினாள்.

திவ்யா பத்திரிகையோடு வந்தது போன மாதம். ஐரோலியில் ஏதோ ஐ.டி. பார்க்கில் இருக்கிறாள், உனக்குத் தெரியாததா. தன் கல்யாணப் பத்திரிகையின் தமிழைத் தானே எழுத்துக்கூட்டித்தான் வாசித்தாள். உன் பேருக்கு முன்னால் போட்டிருந்த வார்த்தை வந்ததும் வேகமாகத் தாண்டிப்போனாள். மாப்பிள்ளை வீட்டில் பெரிய ஸ்டூடியோ ஒன்றைப் பேசுகிறார்களாம், டிரோன் எல்லாம் பறக்குமாம். இவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"நீங்கதான் எடுக்கணும் மாமா. ஃப்ளாஷ் மட்டும் போடாதீங்க, அப்பாக்கு அது புடிக்காதுல்ல. டென்ஷன் நை லேனே கா, கவலையே படாதீங்க."

ஃப்ளாஷ் போட்டால் ஓமப்புகை செத்துப்போகும் என்பாய். புகைக்குள் முகம் கரைகிறதே, அதுதான் கல்யாணம் என்பாய். அவளுக்கு அது அப்படியே நினைவிருக்கிறது. நான் என்ன செய்தேன்? எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, நான் எடுக்கப்போகிற ஆல்பத்தைப் பார்த்து தேவர்கள் தங்கள் கல்யாணங்களை ரத்து செய்துவிட்டு மறுபடி முகூர்த்தம் குறிப்பார்கள் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். அவள் படியிறங்கிய பிறகு டம்ளரை எடுத்தேன். டீ தளும்பியது.

கை நடுங்குகிறது, மாப்ளே. சர்க்கரையா, வயதா, நரம்பா என்று டாக்டருக்கே பிடிபடவில்லை. மங்கல் வெளிச்சத்தில் ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தால் கேமரா கொஞ்சம் நேரம் கண் திறந்திருக்க வேண்டும். என்னுடைய பழைய நீள லென்ஸுக்குள் வெளிச்சம் கோவணத்துணியில் வடிகிற மாதிரிதான் இறங்கும். அதற்குள் என் கை ஒரு ஊஞ்சல் ஆடிவிடுகிறது. மாப்பிள்ளை இரண்டு பேராக வருகிறான். ஒரு பெண்ணுக்கு இரண்டு மாப்பிள்ளை கட்டிவைத்த பாவம் எனக்கு எதற்கு?

அதனால்தான் அந்த லென்ஸ். இருபத்துநாலு–எழுபது, டூ பாயிண்ட் எய்ட். உன் மாதிரி பக்கமும் பார்க்கும், எழுபதுக்குத் திருப்பினால் ஓரளவு என் மாதிரி தூரமும் பார்க்கும், வளையத்தை ஒரு திருகு திருகினால் போதும். வாய் அகலம் என்பதால் இருட்டிலும் வெளிச்சத்தை அள்ளிக் குடிக்கும். கேமரா சட்டென்று கண் மூடிவிடும், கை ஆடினாலும் படம் ஆடாது. எடை ஆறு மாதக் குழந்தையின் எடை. விலை அந்தக் குழந்தையின் காலேஜ் படிப்பு. வீட்டுக்காரியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"அத வாங்கினா கை நடுங்காதா, இல்ல நடுங்குதது வெளிய தெரியாதா?"

சட்டையை மாட்டிக்கொண்டு ஃபோர்ட்டுக்குப் போனேன். கடைக்காரன் கண்ணாடிப் பெட்டியிலிருந்து அதை எடுத்து, நகைக்கடையில் காட்டுவதைப் போல வெல்வெட் துணியில் வைத்தான். நான் கையில் எடுக்கும்போது நீ பக்கத்தில் நின்று கேட்பது மாதிரியே இருந்தது. எத்தனை வருஷம் இதே கடை வாசலில் வைத்து என் ஆசையில் மண்ணைப் போட்டிருக்கிறாய். "எந்தப் படம் ஒங்கிட்டருந்து தப்பிச்சு, சொல்லு. பேரு சொல்ல முடிஞ்சா வாங்கு. முடியாட்டி சவத்த வச்சிட்டு வா, சாயா குடிப்போம்." என்னால் ஒரு தடவையும் பேர் சொல்ல முடிந்ததில்லை. அந்தத் தெருவில் நாம் குடித்த சாயாவைத் தேக்கி வைத்தால் வைதர்ணா அணையையே நிரப்பிவிடலாம்.

இந்தத் தடவை நீ இல்லாததால் கடைக்காரனிடம் நானே புத்திசாலித்தனமாகப் பேசினேன். ஒரு நாள் வாடகைக்குக் கொடு, சோதித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். போன ஞாயிறு லேபர் கேம்பில் ஒரு கல்யாணம் இருந்தது. அங்கே கொண்டுபோனேன்.

என்ன சொல்ல. அந்த லென்ஸைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். மண்டபத்தில் பாதி ட்யூப்லைட் எரியவில்லை, மீதி எரிவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அந்த இருட்டிலும் மாப்பிள்ளையின் மீசையை முடி முடியாக எண்ணலாம். ஒருத்தனும் இரண்டு பேராகவில்லை. பந்தியில் மூன்று பாயசம் குடித்தேன். வாங்கிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

மறுநாள் கேமரா கார்டை எடுத்துக்கொண்டு ரஹ்மத்திடம் போனேன். நம் ஆல்பங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் அடுக்கித் தருகிற அதே ரஹ்மத்துதான், தோல் பட்டறைக்கு மேலே அந்த ஏணிப்படி அறையில் இருக்கிறாளே. முதல் பத்துப் படத்துக்கு நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினாள். அப்புறம் மவுஸை வேகமாக உருட்டினாள். அப்புறம் திரும்ப முதலுக்கு வந்தாள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே வளையத்தை எத்தனையில் வைத்து எடுத்தது என்று நம்பர் வரும், அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படமெல்லாம் கண்ணாடி கணக்கா இருக்கு அண்ணாச்சி. ஆனா எல்லாமே எழுவதுலயே நிக்கி. கிட்ட வச்சு எடுத்தது ஒண்ணுகூட இல்லியே. தாலி முடியுத வெரலு எங்க?"

"அது அவன் கார்டுல இருக்கும்" என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே கேட்டது. ரஹ்மத் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

காலையிலிருந்து பந்தி வரைக்கும் அதே கடைசித் தூணில் சாய்ந்து நின்றிருக்கிறேன். வளையத்தைக் கடைசி வரைக்கும் திருகி வைத்தவன் ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திருப்பவில்லை. அந்த லென்ஸ் வாங்குவதே இரண்டு பக்கமும் போகும் என்பதற்காக. அதில் பாதியை நான் தொடவே இல்லை. பக்கத்தை நீ பார்த்துக்கொள்வாய் என்று என் கை அதுபாட்டுக்கு விட்டுவிட்டது. நீ போனது என் மண்டைக்குத் தெரியும். கைக்கு யாரும் சொல்லவில்லை.

முகூர்த்தப் படத்தையும் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். மாப்பிள்ளை, பொண்ணு, நடுவில் ஒன்றுமே இல்லை. அத்தனை சுத்தம். முப்பது வருஷமாக நான் உன்னிடம் சண்டை போட்டுக் கேட்ட படம். ரஹ்மத் அதைப் பெரிதாக்கிக் காட்டினாள். வேண்டாம், சின்னதாக்கு என்றேன்.

லேபர் கேம்ப் பெண் வீட்டுக்காரர்கள் நல்லவர்கள். தாலிப் படம் இல்லை என்றதும் யாரோ மொபைலில் எடுத்ததை அனுப்பி வைத்தார்கள். திவ்யாவுக்கு அப்படிச் செய்ய முடியுமா? வருகிற ஞாயிறும் என் கை இதையேதான் செய்யும் என்று தோன்றுகிறது. மேளம் முழங்கும். எல்லாரும் எழுந்து நிற்பார்கள். நான் தூணில் நின்று நீ ஏறுவதற்காகக் காத்திருப்பேன். உன் மகளின் கழுத்தில் தாலி ஏறுவதை ஒருத்தனும் பக்கத்தில் நின்று பார்த்திருக்க மாட்டான்.

உன் சட்டப்படி பார்த்தால் நான் இப்போது அதை வாங்கலாம். தப்பிய படத்தின் பேர் எனக்கு முதல் முறையாகத் தெரியும். ஆனால் அது தப்பியபோது லென்ஸ் என் கையில்தானே இருந்தது? அதற்கு உன் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது? அதைச் சொல்லாமல் எங்கே போனாய்? வீட்டுக்காரி தூங்கு என்கிறாள், சாப்பிடு என்கிறாள். ஊறுகாய் பாட்டில் இன்னும் உன் பைக்குள்தான் இருக்கிறது. எடுத்து வெளியே வைக்கக்கூடக் கை ஓடவில்லை. எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை, மாப்ளே.

இதற்குமேல் வியாழக்கிழமை எழுத முடியவில்லை. இப்போது புதன், கல்யாணம் முடிந்து மூன்று நாள்.

லென்ஸை வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் செய்து வேண்டாம் என்று சொன்னேன். கடைக்காரன் விலையைக் குறைப்பதற்காகத்தான் சொல்கிறேன் என்று நினைத்து உண்மையிலேயே கொஞ்சம் குறைத்தான். அந்த நொடியில் என் நெஞ்சு பட்ட பாட்டை இராமேஸ்வரம் கடலிடம் கேள், அது ஓரளவு சொல்லும். தூரமாய் நிற்கவும் எல்லாம் கிடைக்கவும் வழி செய்கிற சாமான் அது. கையில் இருந்தால் தூணை விட்டு நகர மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால் உன் பையிலிருந்து ஊறுகாயை வெளியே எடுத்துவிட்டு ஐம்பதைத் துடைத்து என் கேமராவில் மாட்டினேன். விலையில் அந்த லென்ஸின் கால் தூசு பெறாது. ஆனால் இருட்டில் அதைவிடக் கூட வெளிச்சம் குடிக்கும். அதையும் நீ எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய், நான் காது கொடுக்கவில்லை. வேறு லென்ஸ் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. இருந்தால் கை அதைத் தேடும்.

மாப்பிள்ளை வீட்டார் மண்டபம் முழுக்கக் கத்தரிக்காய் நிறத்தில் லைட் போட்டிருந்தார்கள். நீ பார்த்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பாய். உன் அண்ணன் தாரை வார்த்தார். நீ சொன்னபடி மேடையில்தான் இருந்தாய், நாற்காலியில், மாலை போட்ட படமாக. சமையற்கட்டுக்குப் போய்ப் பால் கிரேட்டு கேட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. காலி செய்து, துடைத்துக் கொடுத்தார்கள். எனக்கு உயரம் இருக்கிறது, கிரேட்டு தேவையே இல்லை. ஆனாலும் போட்டேன். ஏறினேன். முழங்கால் இரண்டும் இரண்டு மொழியில் கத்தின.

அவ்வளவு பக்கத்தில் நின்று நான் ஒரு கல்யாணத்தைப் பார்த்ததே இல்லை, மாப்ளே. இதையும் வகுக்காதே. மாப்பிள்ளையின் விரலும் நடுங்கும் என்று எனக்குத் தெரியாது. நூலின் மஞ்சள் அவன் நகத்தில் ஒட்டுகிறது. பெண் மூச்சை நிறுத்துகிறாள், கழுத்துக் குழியில் தெரிகிறது. இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் நீ பந்தியில் வந்து உட்கார்ந்து அப்பளம் நொறுக்கினாயா? ஒரு வார்த்தை சொன்னாயா?

படம் லேசாக ஆடியிருக்கிறது. விரல் தெரிகிறது, முடிச்சு தெரிகிறது, பின்னால் மைனியின் உதடு கொஞ்சம் கலங்கலாகத் தெரிகிறது. ரஹ்மத் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு அதையே ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் வைத்தாள். அப்புறம் மேடை முழுவதும் தெரிகிற படம் எங்கே என்று கேட்டாள். இல்லை. ஒன்றுகூட இல்லை. அது தூணில் நிற்பவனின் பங்கு, நான் அங்கே இல்லை. புத்தியுள்ளவன் அந்த லென்ஸை வாங்கி இரண்டையும் எடுத்திருப்பான். திவ்யாவிடம் சொன்னேன். "பரவால்ல மாமா" என்றாள். பரவாயில்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். குலவைச் சத்தம் காதை அடைத்தது, அட்சதை என் பிடரியில் விழுந்து சட்டைக்குள் இறங்கியது, திறந்து கிடந்த உன் பைக்குள்ளும் கொஞ்சம் விழுந்தது. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, உன் பச்சரிசி முடிச்சுக்குப் பக்கத்தில். மூன்றாவது முடிச்சு விழுந்தது. நான் அப்படியே திரும்பினேன். நீ திரும்புவாயே, அதே மாதிரி. கடைசித் தூணைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினேன். விழுந்துச்சா?

தூணில் மடக்கு நாற்காலிகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். தலையாட்ட அங்கே ஆளில்லை. நான் இறங்கவில்லை. மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் நடுவில் தலையை வைத்துக்கொண்டு, அந்தத் தூணில் நிற்பவனுக்கு நன்றாக மறைக்கட்டும் என்று, அப்படியே நின்றேன்.